குர்ஆனில் பதினொரு ஜுஸ்உ மனனம் செய்த பையன் அல்பகராவில் தடம் மாறுகிறான்

கேள்வி (ஹிஃப்ழு பொறுப்பாளர்):
அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானுக்குப் பிறகு எங்கள் மத்ரஸாவின் ஹிஃப்ழு (குர்ஆன் மனனம்) பிரிவு என் பொறுப்பில் வந்தது. 22 பிள்ளைகள், 2 உஸ்தாதுகள் (ஆசிரியர்கள்). பதிவேட்டில் குறையே இல்லை, தினமும் ஒரு பக்கம் புதுப் பாடம். நேற்று 11 ஜுஸ்உ (குர்ஆனின் 30 பாகங்களில் 11) முடித்த பையனிடம் இரண்டாம் அத்தியாயமான அல்பகராவில் மூஸா நபி பாறையை அடிக்கும் வசனத்தை ஓதச் சொன்னேன். 'ஃபன்ஃபஜரத்' என வர வேண்டிய இடத்தில் 'ஃபன்பஜஸத்' என்றான். அது இதே நிகழ்ச்சியைச் சொல்லும் ஏழாம் அத்தியாயமான அல்அஃராஃபின் சொல். அப்படியே அல்அஃராஃபுக்குள் நுழைந்து, மேகம் நிழலிட்டதையும் ஓதிக்கொண்டு போகிறான். தடம் மாறியதே அவனுக்குத் தெரியவில்லை. எங்கே பிழை?

பதில் (பழைய உஸ்தாத்):
வஅலைக்குமுஸ்ஸலாம். பையனை விடுங்கள், பதிவேட்டைப் பாருங்கள். பக்கத்துக்கு 15 வரி உள்ள மதீனா முஸ்ஹஃபில் (அச்சிட்ட குர்ஆன் பிரதியில்) 604 பக்கம். வாரம் 5 பக்கம் என்றால் சுமார் 121 வாரம். பெற்றோருக்கு இந்தக் கணக்கு இனிக்கும். அதில் பழைய பாடத்துக்கு ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை! கட்டிய ஒட்டகத்தைவிட வேகமாகக் குர்ஆன் நழுவிவிடும் என்று ஹதீஸே (நபிமொழியே) எச்சரிக்கிறது.

காலையில் முதலில் பழைய பாடத்தைக் கேளுங்கள். மூன்று இடத்தில் தடுமாறினால் அன்று புதுப் பாடம் கிடையாது. ஓர் உஸ்தாத் 11 பேரிடம் ஆளுக்குப் பத்து நிமிடம் கேட்டாலே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே பிள்ளைகளை ஜோடி சேர்த்து ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டச் செய்யுங்கள். நெருங்கிய நண்பர்களை மட்டும் சேர்க்காதீர்கள். ஒருவன் பிழையை மற்றவன் விழுங்கிவிடுவான். நான் பட்ட பாடு அது.

பதில் (ஒரு தாய்):
என் மகனுக்குப் புதுப் பாடத்தை நிறுத்தியபோது தண்டனை என்றெண்ணி இரவெல்லாம் அழுதான். காரணத்தை முன்பே சொல்லிவிடுங்கள். முஸ்ஹஃபையும் மாற்றாதீர்கள். வசனம் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கண் பிடித்து வைத்திருக்கிறது. வேறு அச்சில் ஓதிய மாதம் அவன் அடிக்கடி திக்கினான்.

பதில் (ஹிஃப்ழு பொறுப்பாளர்):
ஜஸாகல்லாஹு கைர், இருவருக்கும். இன்று அவனையே இரண்டு வசனங்களையும் அருகருகே எழுதச் சொன்னேன். வேறுபட்ட சொல்லின் அடியில் தானாகவே கோடிட்டு, "இது இரண்டு இடமா, உஸ்தாத்?" என்றான். இத்தனை நாளும் ஒன்றென்றே நினைத்திருக்கிறான். இரண்டு மாதத்துக்குப் புதுப் பாடம் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவன் தந்தையிடம்தான் இன்னும் சொல்லவில்லை. நாளை மஃரிப் தொழுகைக்குப் பிறகு பார்க்கப் போகிறேன்.