ஊட்டில சிவிடி (கேஸ்ல இருந்து படிய வைக்கிற) கோட்டிங்: வேக்கம் 580க்கு மேல போகல, ஸ்டீல்ல உரியுது, உதவி பண்ணுங்க

மஞ்சூர்க்காரன்:
வணக்கம்ங்க, ஊட்டில சின்ன லேப், ட்யூப் ஃபர்னஸ்ல எம்டிஎஸ் (மீத்தைல்ட்ரைகுளோரோசிலேன்ங்கற திரவம்) இருக்கற பப்ளர் குடுவை வழியா ஹைட்ரஜன குமிழியா விட்டு 1100 டிகிரி பக்கம் சிலிக்கான் கார்பைட் படிய வைக்கிறோம், கார்பன் ஃபைபரும் 304 ஸ்டீல் பட்டையும் ஒண்ணா உள்ள போகுது. ஃபைபர் இழையெல்லாம் ஒட்டிக்கிட்டு குச்சி மாதிரி விறைச்சிடுது. ஸ்டீல்ல ஆறும்போதே டிக் டிக்னு சத்தம், திறந்தா செதில் செதிலா கெடக்கு. பகல்ல ஓட்டினா ஒரு நெறம், ராத்திரி ஓட்டினா வேற நெறம். இதுல வேக்கம் காட்டற முள்ளு கேஜ் வேற 580 மில்லிமீட்டர்ல நிக்குது, இதே பம்பு கோயமுத்தூர்ல 700 தாண்டுச்சு. லீக்கா? ஓ-ரிங் எல்லாம் மாத்தியாச்சு.

பம்பு ராசா:
ஓ-ரிங்க விடுங்க தம்பி. அந்த கேஜ் வெளிக்காத்தோட ஒப்பிட்டுத்தான் காட்டும். ஊட்டி 2240 மீட்டர், அங்க காத்தழுத்தமே 580 மில்லிமீட்டர் பாதரசம் சுத்திதான், அதுக்கு மேல முள்ளு எங்க போகும்? பம்பு நல்லாத்தான் இழுக்குது. ஆனா உள்ள 1 டாரா 5 டாரான்னு (டார்னா ஒரு மில்லிமீட்டர் பாதரசம்) அதுல தெரியாது, உள்ள இருக்கற அழுத்தத்த நேரா காட்டற கெபாசிட்டன்ஸ் மானோமீட்டர் போடுங்க, வால்வ மூடிட்டு அழுத்தம் எவ்ளோ வேகமா ஏறுதுன்னு பாத்தா லீக் கதையும் முடிஞ்சுடும்.

கோத்தகிரி அக்கா:
பப்ளர் சும்மா மேசை மேலயா இருக்கு? எம்டிஎஸ் 66 டிகிரில கொதிக்கிற சரக்கு, 20ல இருந்து 10 டிகிரிக்கு எறங்கினாலே ஆவி மூணுல ஒரு பங்கு போயிடும். ஹைட்ரஜன் மட்டும் அப்படியே வருதா, எம்டிஎஸ்ஸுக்கு ஹைட்ரஜன் விகிதம் ஏறி சிலிக்கான் தனியா சேர்ந்து படியும், உங்க ராத்திரி நெறம் பெரும்பாலும் அதான். தண்ணித் தொட்டில வச்சு சூட்ட நிலையா வைங்க, ரூம விட சூடா வச்சா பைப்புக்கு ஹீட்டிங் டேப் சுத்துங்க, இல்லேன்னா ஆவி வழியிலயே திரவமா எறங்கிடும். ஃபைபருக்கு: மொதல்ல சைஸிங்க (இழை மேல இருக்கற பிசின் பூச்சு) எடுங்க, டோவ (இழைக்கட்டு) பிரிச்சு விரிங்க, சூட்டையும் அழுத்தத்தையும் கொறைங்க, மெதுவா படிஞ்சாத்தான் கேஸ் உள்ள எறங்கும். அப்புறம் வெளிய வர்றது ஹைட்ரஜன் குளோரைடு, காஸ்டிக் ஸ்க்ரப்பர் (காரத் தண்ணில கேஸ கழுவறது) இல்லாம ஓட்டாதீங்க.

பம்பு ராசா:
ஸ்டீல் பத்தி யாரும் பேசல. 304 ஸ்டீல் ஒவ்வொரு டிகிரிக்கும் 17 மைக்ரோன் விரியும் மீட்டருக்கு, கார்பைட் நாலரைதான். ஆயிரம் டிகிரி ஆறினா மீட்டருக்கு 12.5 மில்லிமீட்டர் வித்தியாசம், எந்த செராமிக்கும் தாங்காது. போதாததுக்கு இரும்பும் நிக்கலும் சிலிக்கானோட சேர்ந்து சிலிசைடு ஆகும். சோதனைக்குன்னா மாலிப்டினம் போடுங்க, விரிவு 5 கிட்ட வரும். ஆமா, ஸ்டீல் எதுக்கு?

மஞ்சூர்க்காரன்:
தேயிலை ஃபேக்டரி ஒண்ணுல சிடிசி ரோலர் (இலைய நசுக்கி, கிழிச்சு, சுருட்டறது) பல்லு சீக்கிரம் தேயுதுன்னு கேட்டாங்க ணா.

பம்பு ராசா:
அட! அத அடிக்கடி மில்லிங் போட்டு தீட்டுவாங்களே, மொத தீட்டுலயே கோட்டிங் போயிடும். 1100 டிகிரில ரோலர் கோணிக்கிட்டு வேற வரும். போட்டே ஆகணும்னா பிவிடில (வேக்கத்துல உலோகத்த ஆவியாக்கி படிய வைக்கிறது) டைட்டானியம் நைட்ரைடு, 500 டிகிரிக்குள்ள முடியும், ஒவ்வொரு தீட்டுக்கும் திரும்ப போடணும், அந்த செலவ ஃபேக்டரிக்காரர்கிட்ட மொதல்ல சொல்லிடுங்க.