அம்மாவின்ர மார்பு ஒப்பரேஷன்: முடிவை ஆர் எடுக்கிறது?

ஹரோ மகள்:
அம்மாவுக்கு 67 வயது. இடப்பக்க மார்பில 2 சென்ரிமீற்றர் கட்டி, கான்சர் எண்டு உறுதி. டொக்டர் ரெண்டு வழி சொன்னார்: கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுக்கிறது, இல்லாட்டி முழு மார்பையும் எடுக்கிறது. நான்தான் மொழிபெயர்த்தனான். அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டு, "டொக்டர் சொல்லுறபடி செய்வம்" எண்டிட்டா. டொக்டரோ "உங்கட விருப்பம்" எண்டுறார். யாழ்ப்பாணத்தில இருந்து மாமா "முழுசா எடுத்தாத்தான் நிம்மதி" எண்டு ஒவ்வொரு நாளும் வைபரில நிக்கிறார். என்ன செய்ய?

ஈஸ்ற்ஹாம் அக்கா:
தங்கச்சி, நான் ஆஸ்பத்திரிகளில மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன். முதல்ல அடுத்த முறைக்கு மொழிபெயர்ப்பாளர் கேளுங்கோ, இஞ்ச பிரித்தானியாவில அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இல அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. நீங்கள் மொழிபெயர்த்தா அம்மா உங்கட முகத்தைப் பாத்துத்தான் பதில் சொல்லுவா. பிள்ளை பயந்துபோகும் எண்டு கேக்க வேண்டியதையும் விழுங்கிப்போடுவா. ஒரு அம்மா, மகள் வெளியில போன பிறகுதான் கேட்டா: "மார்பை எடுத்தா பிளவுஸ் எப்பிடிப் போடுறது?" நேர்ஸ் செயற்கை மார்பு ஒண்டை எடுத்துக் குடுத்தா. அவ கையில வைச்சுப் பாரம் பாத்து, உருட்டிப் பாத்து, பேந்துதான் தன்ர விருப்பத்தைச் சொன்னா.

மாமாவுக்குச் சொல்லுங்கோ: அமெரிக்காவிலயும் இத்தாலியிலயும் மார்புக் கான்சர் வந்த பொம்பிளையளை 20 வருசம் பின்தொடர்ந்து பாத்து, ஆய்வு முடிவை 2002இல வெளியிட்டவை. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் எடுத்தவையும் முழுசா எடுத்தவையும் உயிர்வாழ்ந்ததில வித்தியாசம் இல்லை.

2015இல பிரித்தானிய உச்ச நீதிமன்றம் குடுத்த மொன்ட்கொமெரி தீர்ப்புக்குப் பிறகு, இருக்கிற வழிகளையும் அதுகளின்ர ஆபத்தையும் நோயாளிக்கு விளங்கச் சொல்லுறது இஞ்ச டொக்டரின்ர சட்டக் கடமை. திருப்பிக் கேக்கக் கூச்சப்படாதேங்கோ.

குரொய்டன் தம்பி:
ரேடியேஷனுக்கு மாதக்கணக்கா அலையவேணும் எண்டு அம்மா பயப்படுறாவோ? 2020இல ஃபாஸ்ட்-ஃபோர்வேர்ட் ஆய்வு வந்த பிறகு கன பேருக்கு ஒரே கிழமையில 5 தரம்தான். இன்னொண்டு: 65க்கு மேல, அக்குளில இருக்கிற நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத, ஹோர்மோன் குளிசைக்குக் கேக்கிற சின்னக் கட்டி எண்டா, ரேடியேஷனை விடலாமோ எண்டும் கேளுங்கோ. பிரைம் 2 ஆய்வில, விட்டவைக்கு 10 வருசத்துக்குள்ள அதே மார்பில திரும்பி வந்தது 9.5 வீதம், எடுத்தவைக்கு 0.9 வீதம். உயிரோட இருந்தவை ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமன்.

ஹரோ மகள்:
5 தரம் எண்டு சொன்னதும் அம்மா நிமிந்து இருந்திட்டா. "அப்ப நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமோ?" எண்டு கேக்கிறா! நேர்சுக்குப் போன் எடுத்து மொழிபெயர்ப்பாளர் கேட்டிட்டன். அக்கா, நான் உள்ள இருக்கலாமோ?

ஈஸ்ற்ஹாம் அக்கா:
அம்மாவுக்கு விருப்பமெண்டா வடிவா இருங்கோ. ஆனா முதல் கொஞ்ச நேரம் அவவைத் தனிய விடுங்கோ. திருவிழாத் திகதியையும் எழுதிக்கொண்டு போங்கோ, டொக்டருக்கு அதுவும் தெரியவேணும்.