அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்), பாத்துக்கிறவங்களுக்கு பயிற்சி எங்க இருக்கு?

தோட்டத்து மக:
வணக்கம், நான் மலேசியா, சுங்கை சிப்புட். அம்மாவுக்கு 74, முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி பால் எடுத்தவங்க. போன வருஷம் டிமென்ஷியான்னு சொல்லி மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க, எப்படி பாத்துக்கணும்னு யாரும் ஒரு வார்த்த சொல்லல. இப்ப விடியகாலைல நாலு மணிக்கெல்லாம் எழுந்து, பெரட்டுக்கு (காலைல வேலைக்கு பேர் கூப்பிடறது) நேரமாச்சு, மண்டோர் (மேஸ்திரி) ஏசுவான்னு கதவ தட்றாங்க. தோட்டத்தயே வித்துட்டாங்கம்மா, நீங்க வேல விட்டு எத்தன வருஷமாச்சுன்னு சொன்னா ஒரே அழுக, இல்ல என்னைய அடிக்க வராங்க. நேத்து நானும் கத்திட்டேன், மனசே ஆறல. இதுக்கு கிளாஸ் மாதிரி ஏதாச்சும் இருக்கா?

ஈப்போ அக்கா:
தங்கச்சி, எங்கப்பாவுக்கும் இதே கததான். பெட்டாலிங் ஜெயாவுல அல்சைமர்ஸ் டிசீஸ் பவுண்டேஷன் மலேசியா இருக்கு, 1997ல ஆரம்பிச்சது, பாத்துக்கிற குடும்பத்துக்குன்னே பயிற்சி நடத்துறாங்க. அடுத்தது எப்ப, தமிழ்ல பேச ஆள் இருக்கான்னு போன் பண்ணி கேளுங்க. நான் கத்துக்கிட்டதுல பெருசு ஒன்னுதான், அவங்கள திருத்தாதீங்க. புதுசா நடந்தது மனசுல நிக்காது, பழசுதான் நிக்கும், அதனால அந்த நாலு மணிக்கு அம்மாவுக்கு நெசமாவே பெரட்டு நேரம்தான். மழம்மா, மரமெல்லாம் ஈரம், இன்னிக்கு வெட்டு இல்லன்னு சொல்லி பாருங்க.

தாதி:
அக்கா சொன்னது சரி. ஒன்னு மட்டும் கவனிங்க, ரெண்டு மூனு நாள்ல திடீர்னு ரொம்ப குழப்பமாயிட்டாங்கன்னா வியாதி முத்திருச்சுன்னு விட்றாதீங்க, சிறுநீர்ல கிருமி இருந்தாலும், தண்ணி சரியா குடிக்காம மலச்சிக்கல் வந்தாலும்கூட அப்படி ஆகும், உடனே கிளினிக் கொண்டு போங்க. அப்புறம் உலக சுகாதார நிறுவனம் 2019ல ஐசப்போர்ட்னு ஒரு பயிற்சி போட்டாங்க, அஞ்சு பகுதி, வீட்ல இருந்தே இலவசமா படிக்கலாம். குளிக்க வைக்கிறது சாப்பாடு குடுக்கிறதெல்லாம் நாலாவது, கோவம் அலைச்சல் இதெல்லாம் அஞ்சாவது. நீங்க மூனாவத மொதல்ல படிங்க, அது பாத்துக்கிறவங்க தன்னைய பாத்துக்கிறதுக்கு.

தோட்டத்து மக:
அக்கா, இன்னிக்கு மழன்னு சொன்னேன். ஜன்னல பாத்துட்டு, அப்ப மங்கெல்லாம் (பால் புடிக்கிற கிண்ணம்) தண்ணியா நிக்கும்னு சொல்லி போய் படுத்துட்டாங்க, ஆறு மணி வரைக்கும் தூங்குனாங்க, எழுந்து நல்லா பசியாறுனாங்க. எங்கண்ணன்தான் அம்மா நடிக்கிறாங்கன்னு சொல்றாரு, அவரயும் பயிற்சிக்கு கூட்டிட்டு போலாமா?

ஈப்போ அக்கா:
கண்டிப்பா ரெண்டு பேரும் போங்க லா. நீங்க மழன்னு சொல்லி அண்ணன் அம்மாகிட்ட நீங்க வேல விட்டாச்சுன்னு சொன்னா அம்மாதான் பாவம் தடுமாறுவாங்க.