வாஷிங் மெஷின் தண்ணீர் பாத்ரூம் தரையில் பொங்கி வருகிறது, அவசரம்

பழையவீடு:
வணக்கம். நேற்றுதான் புது மெஷின் வந்தது. ஓஸைப் பழைய பைப்பில் விட்டிருக்கிறேன். தண்ணீரை வெளியேற்றும்போது பாத்ரூம் தரை வடிகாலின் ஜாலி வழியாக நுரையோடு மேலே வருகிறது. நாற்றமும் இருக்கிறது. துணி பாதியில் நிற்கிறது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈரக்கை:
எந்த மெஷின்? முன்பக்கம் திறப்பதா, மேல்பக்கம் திறப்பதா, செமி ஆட்டோமேட்டிக்கா? பைப் எத்தனை இஞ்ச்? இரும்பா, பிவிசியா? ஓஸின் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

நீர்வழி:
ஓஸைத் தூக்கிக் கட்டுங்கள், சரியாகிவிடும். 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான மெஷின் கையேடுகளில் இருக்கும்.

ஈரக்கை:
நீர்வழி, கொஞ்சம் பொறுங்கள். அது பம்ப் உள்ள மெஷினுக்கு. செமி ஆட்டோமேட்டிக்கிலும் சில மேல்பக்க மெஷின்களிலும் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாகத்தான் இறங்க வேண்டும். அதில் ஓஸைத் தூக்கிக் கட்டினால் தண்ணீர் வெளியேறவே வெளியேறாது. எந்த மெஷின் என்று தெரியாமல் சொல்லக் கூடாது.

மூத்தகுழாய்:
இந்தக் கேள்வியை இங்கே பலமுறை பார்த்தாகிவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கக்கூட நேரமில்லை, பதில் மட்டும் உடனே வேண்டும். மெஷின் வாங்கும் முன்பே வடிகாலைப் பார்த்திருக்க வேண்டும். அடிப்படை தெரியாமல் கை வைத்தால் இப்படித்தான்.

கணக்கன்:
அவர் துணியோடு நிற்கிறார், ஐயா. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பழையவீடு, ஒரு சோதனை செய்யுங்கள். மெஷினைத் தொடாதீர்கள். ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, 15 லிட்டராவது இருக்கட்டும், அந்தப் பைப்பில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஜாலியில் பொங்கினால் கோளாறு பைப்பில். பொங்காவிட்டால் ஓஸ் இணைப்பில். பம்ப் ஒரு நிமிடத்துக்குள் ஒரு வாளியை நிரப்பிவிடும். அந்த வேகத்தைப் பழைய பைப் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. முகம் கழுவிய தண்ணீர் ஒழுங்காக இறங்குவதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

காற்றுவழி:
என் அனுபவத்தில் பழைய வீடுகளில் பாதிப் பிரச்சினை வென்ட் பைப், அதாவது மாடிக்கு மேல் போகும் காற்றுக் குழாய், இல்லாததுதான். தண்ணீர் இறங்க வேண்டுமென்றால் பின்னால் காற்று வர வேண்டும். வராவிட்டால் பக்கத்திலிருக்கும் ட்ராப்பில், அதாவது வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் வளைவில், நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அந்த ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது. அது போனதும் சாக்கடைக் காற்று நேராக வீட்டுக்குள் வரும். மொட்டை மாடியில் வென்ட் அடைத்திருக்கிறதா பாருங்கள்.

நீர்வழி:
எதற்கு இவ்வளவு சிரமம்? சுவரில் ஒரு ஓட்டை போட்டு ஓஸைத் தோட்டத்துக்கு விடுங்கள். நான் மூன்று வருடமாக அப்படித்தான் விடுகிறேன். செடிகள் நன்றாக இருக்கின்றன.

ஈரக்கை:
தயவுசெய்து அதைப் பொதுவாகச் சொல்லாதீர்கள். சலவைத்தூளில் சோடியம் உப்பு இருக்கிறது. மண்ணில் அது சேரச் சேர மண் இறுகிப்போகும், தண்ணீர் உள்ளே இறங்காது. ப்ளீச் போட்டுத் துவைத்த தண்ணீர் இன்னும் மோசம்.

நீர்வழி:
நான் திரவ சோப்புதான் பயன்படுத்துகிறேன். அலசிய தண்ணீரைத்தான் விடுகிறேன், முதல் தண்ணீரை அல்ல.

ஈரக்கை:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஒரே ஓஸில் இரண்டும் வரும்போது ஒவ்வொரு முறையும் நின்று மாற்றிவிடுகிறீர்களா?

நீர்வழி:
ஆமாம், மாற்றுகிறேன். செடி என்னுடையது, மண்ணும் என்னுடையது.

மூத்தகுழாய்:
இழை எங்கே போகிறது பாருங்கள்.

பழையவீடு:
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தோட்டம் இல்லை, வீடு முதல் மாடியில். மெஷின் முன்பக்கம் திறப்பது. பைப் பழைய இரும்பு, ஒன்றரை இஞ்ச், தரையிலிருந்து ஓர் அடிதான் மேலே நிற்கிறது. வாளித் தண்ணீர் ஊற்றினேன். பொங்கவில்லை, ஆனால் மெதுவாகத்தான் இறங்கியது. இன்னொன்று, மெஷின் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கிறது, நிரம்பவே மாட்டேன் என்கிறது. நாற்றம் வரக் கூடாதென்று ஓஸைச் சுற்றி டேப் போட்டு இறுக்கமாக அடைத்துவிட்டேன். அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இருக்காது.

கணக்கன்:
அந்த டேப்தான் பிரச்சினை! முதலில் அதைப் பிரித்துவிடுங்கள்.

ஓஸுக்கும் பைப்புக்கும் நடுவே காற்று போக இடைவெளி இருந்தால், மெஷினைப் பொறுத்தவரை தண்ணீர் அந்த ஓஸ் வாயோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் அடைத்ததால் மெஷினின் டிரம்மிலிருந்து கீழ்த்தளத்துப் பைப் வரைக்கும் ஒரே குழாயாக ஆகிவிட்டது. ஒருமுறை பம்ப் ஓடியதும் அது சைஃபன் போல, பம்ப் நின்ற பிறகும் தண்ணீரைத் தானாகக் கீழே இழுக்க ஆரம்பிக்கும். மேலே நிரப்ப நிரப்பக் கீழே போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் நிரம்பவில்லை. பம்ப் தள்ளும் அழுத்தத்துக்கும் வேறு வழி இல்லாமல் ஜாலி வழியாக நுரை வருகிறது. அப்புறம் காற்றுவழி சொன்னதும் நடக்கிறது. இழுக்கும் வேகத்தில் ஜாலியின் அடியில் இருக்கும் ட்ராப் காலியாகியிருக்கும். நாற்றம் வரக் கூடாதென்று போட்ட டேப்பே நாற்றத்தைக் கூட்டியிருக்கிறது.

ஓஸை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் நுழைக்காதீர்கள். ஓரடிப் பைப் போதாது. மேலே நீட்டி 75 சென்டிமீட்டராவது கொண்டுவாருங்கள்.

ஈரக்கை:
நாற்றத்துக்கு வழி ட்ராப்தான். அந்தப் பைப்பின் அடியில் ட்ராப் இருக்கிறதா? வாளியில் இறக்கித் துவைத்த காலத்துப் பைப் என்றால் இருக்காது. எங்கள் வீட்டில் இல்லை. நான் தரையை உடைத்துத்தான் போட்டேன்.

காற்றுவழி:
வாளி மெதுவாக இறங்கியது என்கிறாரே, அதை விட்டுவிடாதீர்கள். பழைய இரும்புப் பைப் உள்பக்கம் துருப்பிடித்துக் குறுகிவிடும். வெளியே ஒன்றரை இஞ்ச், உள்ளே பாதிகூட இருக்காது. புதிதாகப் போடுபவர்கள் இப்போது 2 இஞ்ச் போடுகிறார்கள்.

மூத்தகுழாய்:
ஆசிட் ஊற்றினால் எல்லாம் திறந்துவிடும்.

கணக்கன்:
வேண்டாம். துருப்பிடித்த இரும்பை ஆசிட் தின்றுவிடும், அதுவும் மாடி வீடு. யாராவது ஏற்கெனவே அதில் ப்ளீச் ஊற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் மூச்சு திணறும். பிளம்பரைக் கூப்பிட்டு, அடைப்பை எடுக்கும் நீளமான கம்பிச் சுருளான ஸ்பிரிங்கை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

மூத்தகுழாய்:
நான் புதுப் பிவிசி பைப்புக்குச் சொன்னேன்.

ஈரக்கை:
அவர் இரும்பு என்று மேலே எழுதியிருக்கிறார், ஐயா.

முதல்மழை:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் மேல்பக்க மெஷின், பம்ப் இல்லை. தனி இழை போடவா, இங்கேயே கேட்கவா?

ஈரக்கை:
தனியாகப் போடுங்கள். ஓஸ் எங்கே போகிறது, தரைக்கு எவ்வளவு மேலே என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

பழையவீடு, மாடி வீடு என்பதால் ஒன்று கேட்கிறேன். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா? பைப் நடுவில் ஒழுகுகிறதா என்பது வாளிச் சோதனையில் தெரியாது, அதனால் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

பழையவீடு:
டேப்பைப் பிரித்தேன், பைப்பை 80 சென்டிமீட்டருக்கு நீட்டினோம். பிளம்பர் ஸ்பிரிங் விட்டார். முடியும் நூலும் சேர்ந்து ஒரு கை அளவுக்கு உருண்டை, கூடவே ஒரு சிமென்ட் துண்டு. இரண்டு முறை துவைத்தாயிற்று, பொங்கவில்லை. ட்ராப் இல்லையாம், அடுத்த வாரம் போடுகிறார். எல்லோருக்கும் நன்றி.

காற்றுவழி:
நல்லது. ட்ராப் போட்ட பிறகும் ஜாலியில் வாரம் ஒருமுறை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள், காய்ந்துவிடாமல் இருக்கும்.

ஈரக்கை:
கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்தீர்களா?