டின்னர் ஃபார் ஷ்மக்ஸ்: எனக்கு மட்டும்தான் சிரிப்பு வரலையா?

அரைத்தூக்கம்:
ஸ்டீவ் கேரலும் பால் ரட்டும் இருக்காங்களேன்னு நம்பி, 2010-ல வந்த இந்தப் படத்தை நேத்து ராத்திரி போட்டேன். கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். செத்த எலிகளுக்குச் சட்டை மாட்டி, குட்டிக் குட்டிக் காட்சிகளா அடுக்கி வைக்கிறாரே கேரல், அந்த ஆரம்பம் மட்டும் பிடிச்சுது. மீதியெல்லாம் ஒரே கூச்சல். இதோட மூலமான பிரெஞ்சுப் படம் பிரமாதம்னு சொல்றாங்க. அதே கதைதானே, அதையும் பார்க்கணுமா?

மூணாவதுவரிசை:
அதே கதைன்னு சொல்றீங்க பாருங்க, வம்பே அங்கதான். 'லெ தினே த கோன்' 1998-ல வந்தது. ஃபிரான்சிஸ் வெபேர் தன்னோட நாடகத்தைத் தானே படமாக்கினார். 80 நிமிஷம்தான். பெரும்பாலும் ஒரே வீடு, ஒரு டெலிபோன், முதுகு பிடிச்சுக்கிட்ட ஒரு பதிப்பாளர். முட்டாள்களை விருந்துக்குக் கூட்டிட்டுப் போய் கேலி பண்றது அந்த ஆளுக்குப் பொழுதுபோக்கு. கள்ளக்காதலி வேற. கடைஞ்செடுத்த அயோக்கியன், அதனால அவன் மாட்டிக்கிட்டா நமக்குக் கொண்டாட்டம்.

ஒரு காட்சி சொல்றேன். ஓடிப்போன மனைவி தன் பழைய நண்பன் வீட்ல இருக்காளான்னு அந்தப் பதிப்பாளருக்குத் தெரியணும். விருந்துக்குன்னு அவன் பிடிச்சு வச்ச முட்டாள், தீக்குச்சியில ஈஃபில் கோபுரம் கட்டுற பின்யோன், பெல்ஜியத் தயாரிப்பாளர் மாதிரி குரலை மாத்தி அந்த நண்பனுக்குப் போன் போடுறான். நாவலைப் படமாக்க உரிமை கேட்குறான், பேரம் பேசுறான், படியவும் வச்சுடுறான். அந்தச் சந்தோஷத்துல மனைவியைப் பத்திக் கேட்காமலே போனை வச்சுடுறான்! பின்யோனா நடிச்ச ஷாக் வில்லரே முகத்துல அப்போ ஒரு பெருமிதம் பாருங்க. பிரெஞ்சு சினிமாவோட செசார் விருது அவருக்குச் சும்மா கிடைக்கல.

ஹாலிவுட்ல என்ன பண்ணாங்க? பால் ரட்டை நல்லவனாக்கிட்டாங்க. பதவி உயர்வு வேணும்னு மனசில்லாம அந்த விருந்துக்குப் போறார், கள்ளக்காதலி கிடையாது, மனசாட்சி உறுத்துது. நல்லவன் அடி வாங்கினா பாவமாத்தான் இருக்கும், சிரிப்பு எங்கேயிருந்து வரும்? போதாததுக்கு, வெபேர் கடைசி வரைக்கும் காட்டாத அந்த விருந்தை இவங்க முழுசா நடத்தியும் காட்டிட்டாங்க.

குறுக்கேபேசுறவன்:
விருந்துன்னு தலைப்பு வச்சுட்டு விருந்தையே காட்டலைன்னா நான் டிவியை உடைச்சிருப்பேன். எலிகளுக்காகவே ரீமேக் எனக்கு ஓகே.

பால்கனிடிக்கெட்:
ரீமேக்னாலே மோசம்னு முடிவு கட்டிடாதீங்க. 'லா காஷ் ஓ ஃபோல்'ங்கற இன்னொரு பிரெஞ்சுப் படத்தோட திரைக்கதையிலயும் வெபேர் கை உண்டு. அதை 1996-ல மைக் நிக்கல்ஸ் 'தி பேர்ட்கேஜ்'னு எடுத்தார், அது நல்லாத்தானே வந்துச்சு. 'தினே'ல வரி அதிகாரி வர்ற இடத்தைத் தவற விட்டுடாதீங்க. வசதியைக் காட்டிக்கக் கூடாதுன்னு உசத்தி ஒயின்ல வினிகரை ஊத்துவாங்க.

அரைத்தூக்கம்:
இப்பதான் முடிச்சேன். வினிகர் ஊத்தினதும் அந்த ஒயின் இன்னும் ருசியா ஆயிடுதே! பக்கத்து அறையில தூங்கினவங்க எந்திரிச்சு வந்து திட்டிட்டுப் போனாங்க.