கிழவி வாயைத் திறந்தால் நாயகி காணாமல் போகிறாள்: என்ன செய்யலாம்?

தேடல் பயண வகையில் ஒரு நாவல் எழுதுகிறேன். பாதி தாண்டியதும் நின்றுவிட்டது. சிக்கல் நாயகிக்குத் துடுப்புப் போடக் கற்றுத்தரும் வழிகாட்டிக் கிழவிதான். முடிச்சு விழும் இடத்திலெல்லாம் பதிலை அவளே சொல்லிவிடுகிறாள்.

முதலில் கிழவியைச் சாகடித்துப் பார்த்தேன். அரைத்த மாவு, அவள் இருமியதுமே வாசகருக்குத் தெரிந்துவிடும். அடுத்து அவளைத் துரோகியாக்கினேன். திருப்பம் நன்றாகவே வந்தது. ஆனால் நாயகியின் விரல்களைப் பிரித்துத் துடுப்பில் சரியாக வைக்கும் காட்சி பொய்யாகிப்போனது. அதை வெட்ட எனக்கு மனசில்லை. புராணக் கதைகளை ஆராய்ந்த ஜோசப் கேம்பல் 1949-இல் வகுத்த நாயகப் பயணம் என்ற கதை அமைப்போடும் ஒப்பிட்டேன். அதில் வழிகாட்டி பெரும்பாலும் தொடக்கத்திலேயே உதவிவிட்டு ஒதுங்கிவிடுகிறார். என் கதையிலோ இருவருக்கும் ஒரே படகு. எழுத்தாளர் கிறிஸ்டோபர் புக்கரின் ஏழு கதைவகைகளில், அறியாத உலகுக்குப் போய் மாறித் திரும்பும் 'போய்த் திரும்புதல்' பக்கமும் கதையைத் திருப்பினேன். முடிவுதான் மாறியது, கிழவி மாறவில்லை.

கதை படர்க்கையில், நாயகியின் பார்வையில் மட்டும் நகர்கிறது. எதிரி கடைசிப் பகுதியில்தான் நேரில் வருகிறான்.

கிழவி உயிரோடும் நல்லவளாகவும் படகிலேயே இருக்க, முடிவெடுக்கும் பொறுப்பை நாயகி கைக்கு எப்படிக் கொண்டுவருவது?