முகத்துக்கு ஆட்டுக்கொழுப்புப் பூசலாமோ?

சோளகக்காத்து கேட்டது:

சோளகம் தொடங்கினா முகம் வறண்டு போகுது. மூக்கின்ரை ரெண்டு பக்கமும் தோல் உரியும், நெற்றியிலையும் நாடியிலையும் இடைக்கிடை பரு வரும். இப்ப வீடியோக்களிலை "டாலோ" எண்டு மாட்டுக்கொழுப்பை முகத்துக்குப் பூசச் சொல்லுறாங்கள். எங்கடை வீட்டிலை மாடு சேர்க்கிறேல்லை. அதாலை இறைச்சிக்கடையிலை ஆட்டுக்கொழுப்பு வாங்கி உருக்கலாமெண்டு யோசிக்கிறன். மணத்துக்குத் தேசிக்காய்த் தோலும், குளிர்ச்சிக்குக் கற்றாழைச் சாறும் சேர்க்கலாமாம். முகத்துக்கு இது பாதுகாப்போ? பிரிட்ஜ் இல்லாமல் வெளியிலை வைச்சா எவ்வளவு காலம் இருக்கும்?

பனங்கூடல்:

முகத்துக்கு வேண்டாம் தங்கச்சி. மாட்டுக்கொழுப்பை விட ஆட்டுக்கொழுப்பு இன்னும் மோசம்.

"எங்கடை தோலிலை சுரக்கிற எண்ணெயும் உந்தக் கொழுப்பும் ஒண்டு" எண்டுதான் விக்கிறவை சொல்லுறது. அது பிழை. தோலெண்ணெயிலை கால்வாசி மெழுகு எஸ்ரர், பத்திலை ஒரு பங்குக்கு மேலை ஸ்குவலீன் எண்ட எண்ணெய்ப்பொருள். கொழுப்பிலை மெழுகு எஸ்ரர் இல்லை, ஸ்குவலீன் இருந்தாலும் பேருக்குத்தான். ஏறக்குறைய முழுதும் ட்ரைகிளிசரைட், அதாவது கொழுப்பமிலங்கள் கிளிசரினோடை சேர்ந்த சாதாரண கொழுப்பு. தோலின்ரை மேற்படையைக் கட்டிவைச்சிருக்கிற செரமைட்டையும் உதிலை தேடாதேங்கோ.

உருகுற சூட்டைப் பாருங்கோ. முகத்தோல் 32–34 பாகை. மாட்டுக்கொழுப்பு உருக 40 பாகைக்கு மேலை வேணும், ஆட்டுக்கொழுப்புக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. பூசினது தோலுக்குள்ளை போறேல்லை, மேலை மெழுகுப் படையாக் கிடக்கும். வியர்வையும் தூசியும் அதிலை ஒட்டி மயிர்த்துவாரங்களை அடைக்கும். பருத் தோலுக்கு இதே போதும்.

அடுத்தது ஒலெயிக் அமிலம் எண்ட கொழுப்பமிலம். கொழுப்பிலை ஏறக்குறைய 40 வீதம் அதுதான். தோலிலை இருக்கிற கிருமிகளின்ரை நொதியங்கள் ட்ரைகிளிசரைட்டை உடைச்சு அதை வெளியிலை விடும். வெளியிலை வந்த ஒலெயிக் அமிலம் தோலின்ரை தடுப்பைத் தளர்த்தும். மருந்துக் கிறீம்களிலை மருந்து உள்ளை இறங்கச் சேர்க்கிறதே இந்தக் குணத்துக்காகத்தான். பருத்தோலுக்குத் தேவையான லினோலெயிக் அமிலமோ ரெண்டு, மூண்டு வீதம்தான் வரும்.

ஏ, டி, ஈ, கே விற்றமின் கதையை விடுங்கோ. அளவு சொற்பம். வெயிலையும் இது தடுக்காது.

தாச்சிச்சூடு:

உருக்குவது, வைத்திருப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

பச்சைக் கொழுப்பில் சவ்வு, இரத்தம், தண்ணீர் எல்லாம் இருக்கும். இளஞ்சூட்டில் உருக்கி, குமிழி வருவது முற்றாக நிற்கும் வரை வைக்க வேண்டும். குமிழி வந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டினால் சவ்வு கருகி, அந்த நாற்றம் கொழுப்பில் ஏறிவிடும். துணியில் வடித்தாலும் நுண்ணிய புரதத் துகள் தங்கும். வர்த்தகத்தில் "புரதமற்ற கொழுப்பு" என்று ஏற்றுக்கொள்ள, கரையாத மாசு நிறையில் 0.15 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. வீட்டில் அதை அளக்க வழியில்லை.

இரும்புத் தாச்சியில் உருக்கவே கூடாது. இரும்பும் செம்பும் கொழுப்பு காறுவதை வேகப்படுத்தும். காறிய கொழுப்பிலுள்ள பெரொக்சைட்டுகள் தோலை எரிக்கும். மரக்கறி எண்ணெயில் இயற்கையாக இருக்கும் காப்புப் பொருள் விலங்குக் கொழுப்பில் மிகக் குறைவு. 200 கிராமுக்கு 0.2 முதல் 0.4 கிராம் விற்றமின் ஈ சேர்த்தால் காறுவது தாமதமாகும். ஆனால் அது கிருமியைக் கொல்லாது. இந்த இரண்டையும் பலர் குழப்புகிறார்கள்.

கற்றாழைச் சாறு சேர்த்தால் கதை முடிந்தது. தண்ணீரில்லாத கொழுப்பில் பக்ரீரியா வளருவது கடினம். சாற்றோடு தண்ணீரும் அதற்குத் தீனியும் உள்ளே போகின்றன. நமது வெக்கையில் ஓரிரு நாளிலேயே கெடத் தொடங்கலாம், மணம் மாறும் முன்பே. ஈரவிரலால் தொட்டு எடுப்பதும் இதே வேலைதான். எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள்: வெளியில் வைக்க நம்பி ஒரு காலம் சொல்ல முடியாது.

தேசிக்காய்த் தோல் இன்னும் ஆபத்து. அதன் எண்ணெயிலுள்ள பியூரோகூமரின், வெயில் பட்டதும் தோலைச் சுடும். கொப்புளம் வரலாம், பிறகு மண்ணிறக் கறை மாதக்கணக்கில் நிற்கும். அதைப் போட்டாலும் ஆட்டு மணம் போகாது. 4-மெதைல் ஒக்ரனோயிக், 4-எதைல் ஒக்ரனோயிக் என்ற கொழுப்பமிலங்கள்தான் அந்த மணம். கிடாயில் இன்னும் கூட.

மருந்துக்கடைப் பக்கம்:

ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் கேள்வியிலை ஒரு வரியை ஆரும் கவனிக்கேல்லை: மூக்கின்ரை ரெண்டு பக்கமும் உரியுது. அது வெறும் வறட்சியா இருக்கத் தேவையில்லை. தலையிலை பொடுகு இருக்கோ? புருவத்திலை, காதுக்குப் பின்னாலை செதில் வருதோ? ஓமெண்டா அனேகமா செபொரிக் டெர்மற்றைற்றிஸ், எண்ணெய் கூடச் சுரக்கிற இடங்களிலை வாற தோல் அழற்சி. அதுக்குப் பின்னாலை நிக்கிறது மலசீசியா எண்ட பங்கசு. தேமல் வாறதும் இதாலைதான். அது கொழுப்பமிலத்தைத் திண்டுதான் வளரும். வறட்சியெண்டு நினைச்சு கொழுப்புப் பூசினா, அதுக்குச் சாப்பாடு வைக்கிறியள். தேங்காயெண்ணெயும் அப்பிடித்தான்.

நெற்றியிலை வாறதையும் உத்துப் பாருங்கோ. ஒரே அளவிலை சின்னச் சின்னதா, கடிக்குதெண்டா, கரும்புள்ளியும் இல்லையெண்டா, அது பரு இல்லாமல் அதே பங்கசு மயிர்க்காலிலை வந்ததா இருக்கலாம். அன்ரிபயோட்டிக் குடிச்சா அது கூடும்.

வறட்சிக்கு எங்கடை கிணத்துத் தண்ணியும் ஒரு காரணம். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை வாற கடினநீர். சவர்க்காரம் அதிலை நுரைக்காமல் கல்சியம் உப்பாத் திரண்டு தோலிலை படியும். முகத்துக்குச் சவர்க்காரத்தை நிப்பாட்டி, சவர்க்காரமில்லாத கழுவி ஒண்டை நாளுக்கு ரெண்டுதரம் பாவியுங்கோ. துடைச்சு ஈரம் காயமுதல், மூண்டு நிமிசத்துக்குள்ளை, கிளிசரின் உள்ள மணமில்லாத கிறீம். தனிக் கிளிசரினை அப்பிடியே பூசாதேங்கோ, தோலிலை இருக்கிற தண்ணியை இழுக்கும். உரியிற இடத்திலை மட்டும் இரவிலை வாசலின் மெல்லிசாப் பூசலாம். அது கொழுப்பில்லை, பெற்றோலியத்திலை இருந்து வாற ஐதரோகாபன் எண்டதாலை மலசீசியா அதைத் தின்னாது. பகலிலை எஸ்.பி.எவ். 30 சன்ஸ்கிறீன். ஸ்ரெரொயிட் கிறீமைக் கடையிலை கேட்டு வாங்கி முகத்துக்குப் போடாதேங்கோ. தோல் மெலியும், வாயைச் சுத்திப் பரு மாதிரி எழும்பும்.

சோளகக்காத்து:

பொடுகு இருக்கு அண்ணை, புருவத்திலையும் வாறது. அப்ப தலைக்கு என்ன? முழங்கையிலை மூண்டு நாள் பூசிப் பாத்திட்டு முகத்துக்குப் போகலாமெண்டும் யோசிச்சன்.

மருந்துக்கடைப் பக்கம்:

முழங்கைச் சோதனை ஒவ்வாமையைத்தான் காட்டும், அதுக்கும் ஒரு கிழமை வேணும். துவாரம் அடைச்சுப் பரு வாறதுக்கு நாலு கிழமையும் எடுக்கும். மூண்டு நாளிலை ஒண்டும் வரேல்லை எண்டதிலை ஒரு அர்த்தமுமில்லை.

தலைக்குக் கீற்றோகொனசோல் எண்ட பங்கசு மருந்துள்ள 2 வீத ஷாம்பு, கிழமைக்கு ரெண்டுதரம், ஐஞ்சு நிமிசம் விட்டுக் கழுவுங்கோ. நாலு கிழமை. முகத்துக்கு அதே மருந்து கிறீமா வருது. தோல் கிளினிக்கிலை ஒருக்காக் காட்டிப்போட்டுத் தொடங்குங்கோ, பிள்ளை வயித்திலையெண்டா கட்டாயம் சொல்லுங்கோ.

பனங்கூடல்:

கொழுப்பை வாங்கியிட்டியளெண்டா குதிவெடிப்புக்குப் பூசலாம், வெடிப்பிலை இரத்தமோ சீழோ இல்லையெண்டா. படுக்கேக்கை பூசி சொக்ஸ் போடுங்கோ. வெறுங்காலோடை சீமெந்து நிலத்திலை நடந்தா வழுக்கும்.